துணைவரின் புற்றுநோய் முற்றிய நிலையில், கவனிப்புக் குறைந்த மருத்துவமனையில் உடனிருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் மனைவி தன் கடைசி 11 வாரங்களில் பெரும்பகுதியை மருத்துவமனை வார்டில்தான் கழித்தாள். அவளுக்கு வந்த நோயை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் அந்த வாரங்களில் அவள் பட்ட வலியில் பெரும்பகுதியைத் தடுத்திருக்க முடியும் என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன். அவள் போன பிறகு, அதே நிலையில் திகைத்து நிற்கும் பல கணவர்களோடும் மனைவியரோடும் வார்டுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களுடைய அன்பிலும் உழைப்பிலும் எந்தக் குறையும் இல்லை. எதை முதலில் செய்வது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்.

கவனிப்புக் குறைந்த இடத்தில் பெரும்பாலான தீங்கு அறியாமையால் வருவதில்லை. ஒருவருக்குத் தெரிந்தது அடுத்து வேலைக்கு வருபவருக்குப் போய்ச் சேராததால் வருகிறது. மருத்துவர்கள் மாறுகிறார்கள், செவிலியர்கள் மாறுகிறார்கள். மாறாமல் கட்டிலருகே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். அந்த இடத்திலிருந்து என்னென்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். மருந்தையும் அளவையும் முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. அவரிடம் எதைக் கேட்பது, எப்போது கேட்பது என்பதே இங்குள்ள பொருள்.

1. முதலில் துணைவரிடம் பேசுங்கள்

அனுமதிப் படிவம் நிரப்புவதற்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். காரணம் எளியது: வலி கூடிய பிறகும், மருந்தின் மயக்கம் வந்த பிறகும் இந்தப் பேச்சுக்கு நேரம் கிடைக்காது. மூச்சுத் திணறும் நள்ளிரவில், முன்பின் அறியாத ஓர் இளம் மருத்துவர் வந்து “வென்டிலேட்டர் வைக்கலாமா?” என்று உங்களிடம் கேட்பார். அப்போது உங்கள் விருப்பத்தைச் சொல்லாமல் துணைவருடைய விருப்பத்தைச் சொல்ல, அது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

நான்கு கேள்விகள் போதும். நோயைப் பற்றி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்? எதைத் தாங்கிக்கொள்ளத் தயார், எதற்குத் தயாரில்லை? இதயம் நின்றுவிட்டால் மீண்டும் இயக்க முயல வேண்டுமா? கடைசி நாள்களில் எங்கே, யாரோடு இருக்க வேண்டும்? பதில்களை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். என் மனைவி சொன்னது மூன்றே வரி: “ஜன்னலோரக் கட்டில் காலியானால் கேட்டு வாங்கு. நான் வலியில் கத்தினால் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடு. தொண்டைக்குள் குழாய் வேண்டாம்.” இவற்றுள் சட்டப்படி எழுத்தில் பதிவு செய்யக்கூடியவை எவை என்று மருத்துவரிடம் கேட்டு, கேஸ் ஷீட்டிலும் குறிக்கச் செய்யுங்கள்.

இங்கே நேரும் பெரிய தவறு, நோயின் நிலையை நோயாளியிடமிருந்து மறைப்பது. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைத்த வீடுகளில் நோயாளி பெரும்பாலும் எல்லாவற்றையும் ஊகித்துவிட்டு, அதைப் பேச ஆளில்லாமல் தனியே கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

2. கையில் இருக்க வேண்டியவை

பயாப்ஸி (திசுச் சோதனை) அறிக்கை, ஸ்கேன்களின் அறிக்கைகளோடு அவற்றின் படங்கள் அடங்கிய குறுந்தகடு, இதுவரை தந்த கீமோ மருந்துகளின் பெயரும் அளவும் தேதியும், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பட்டியல் ஆகியவற்றை ஒரே கோப்பில் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேட்கப் போகும்போது அறிக்கை மட்டும் போதாது; படங்களையும் பயாப்ஸி ஸ்லைடுகளையும் அவர் தாமே பார்க்க விரும்பலாம்.

இவற்றோடு ஒரு தெர்மாமீட்டர், ஒரு கடிகாரம், பேனா கட்டிய ஒரு தடித்த குறிப்பேடு. தனித்தாள்கள் வேண்டாம், அவை தொலைந்துவிடும்.

3. வேலையை இரண்டாகப் பிரியுங்கள்

நான் செய்யத் தவறியதும், இப்போது எல்லோரிடமும் வற்புறுத்திச் சொல்வதும் இதைத்தான். வார்டில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று காவல்: மருந்து வந்ததா என்று பார்ப்பது, மருத்துவரைத் தேடுவது, ஆய்வகத்துக்கு அலைவது, வாதாடுவது. மற்றொன்று துணை: பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டையும் ஒருவரே செய்தால் காவல் துணையை விழுங்கிவிடும். கடைசி 10 நாள்களில் நான் அலுவலகக் கவுன்ட்டர்களுக்கு முன் நின்ற நேரம், அவளருகே அமர்ந்த நேரத்தைவிட அதிகம்.

உடன்பிறந்தவரோ, வளர்ந்த பிள்ளையோ, நண்பரோ ஒருவரை வெளிப்படையாகக் கேட்டுக் காவல் வேலையை ஒப்படையுங்கள். நிதானமாகப் பேசத் தெரிந்தவராக இருந்தால் போதும். மருத்துவம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய பெயரையும் எண்ணையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து உறவினர்கள் ஐந்து விதமாக விசாரித்தால், கடைசியில் மருத்துவர் யாரிடமும் முழுமையாகப் பேசமாட்டார்.

4. குறிப்பேட்டை எழுதும் முறை

ஒரு நாளுக்கு ஒரு விரிப்பு, அதாவது எதிரெதிரான இரண்டு பக்கங்கள். இடப்பக்கத்தில் நேரத்தோடு நடந்தவை: எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, யார் தந்தது, உடல் வெப்பம், சிறுநீர், மலம், வலியின் எண். வலப்பக்கத்தில் அடுத்த ரவுண்ட்ஸில் கேட்க வேண்டியவையும், அவற்றுக்குக் கிடைத்த பதிலும்.

“மாலையில் தாமதமாக வந்தார்கள்” என்று எழுதாதீர்கள். “அழைத்தது 4:10, வந்தது 5:35” என்று எழுதுங்கள். “அலட்சியம்”, “மனசாட்சி இல்லாதவர்கள்” போன்ற சொற்களும் வேண்டாம். இந்தக் குறிப்பேட்டை மருத்துவரிடம் காட்ட வேண்டிவரும். தன்னைக் குற்றம் சாட்டும் தாளை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை. நேரமும் எண்ணும் மட்டும் உள்ள தாளை எல்லோரும் படிக்கிறார்கள்.

பணி மாறும் நேரத்துக்கு 15 நிமிடம் முன்பும், மாறிய அரை மணி நேரத்திலும் கட்டிலருகே ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஒருநாள் என் மனைவிக்குக் காலை 6 மணிக்கு வர வேண்டிய மார்ஃபின் வரவில்லை. பகல் செவிலியர் தருவார் என்று இரவுச் செவிலியரும், இரவுச் செவிலியர் தந்துவிட்டார் என்று பகல் செவிலியரும் நினைத்துக்கொண்டார்கள். மருந்து அட்டவணையில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருந்தது. நான் முகம் கழுவப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது தூங்குகிறாள் என்று எண்ணி எழுப்பாமல் இருந்தேன். உண்மையில் அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பற்றிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தாள். மருந்து வந்தபோது மணி 9:40. அவளுடைய விரல்களை நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன். உள்ளங்கையில் கம்பியின் தடம் மத்தியானம் வரை இருந்தது.

5. வலியை முதல் வேலையாக வையுங்கள்

வலி அடங்காதவரால் சாப்பிடவோ தூங்கவோ பேசவோ முடிவெடுக்கவோ முடியாது. ஆகவே ஸ்கேன் தேதியும் அடுத்த கீமோவும் பற்றிக் கேட்பதற்கு முன், “இன்றைய வலிக்கு என்ன செய்யப் போகிறோம்?” என்று கேளுங்கள்.

முதலில் அளவிடுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் நினைத்துப் பார்க்கக்கூடிய மிக மோசமான வலி. அமைதியாகப் படுத்திருக்கும்போது ஓர் எண்ணும், புரளும்போதோ இருமும்போதோ ஓர் எண்ணும் கேட்டுக் குறியுங்கள். பேச முடியாதவரிடம் நெற்றிச் சுருக்கம், முனகல், ஓரிடத்தைத் தொட்டால் கையைத் தள்ளிவிடுவது ஆகியவற்றைப் பாருங்கள். “ரொம்ப வலிக்கிறதாம்” என்ற வார்த்தையை வார்டில் நாள் முழுவதும் எல்லாக் கட்டிலிலிருந்தும் சொல்கிறார்கள். “அசையாதபோது 6, புரளும்போது 9, கடைசி மருந்துக்குப் பிறகு 2 மணி நேரம்தான் தாங்கியது” என்று சொன்னால், அதை வைத்து மருத்துவரால் அளவை மாற்ற முடியும்.

அடுத்து, மருந்து எழுதப்பட்டிருக்கும் விதத்தைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 1986-இல் வெளியிட்ட புற்றுநோய் வலி வழிகாட்டுதல் முதற்கொண்டு வலியுறுத்தப்படும் அடிப்படை ஒன்று உண்டு: தொடர் வலிக்கு மருந்தைக் கடிகாரப்படி தர வேண்டும், வலி வந்த பிறகு அல்ல. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பலன் சுமார் 4 மணி நேரம் நிற்கும். அட்டவணையில் “தேவைப்பட்டால்” என்று மட்டும் இருந்தால், “கடிகாரப்படி எழுத முடியுமா, இடையில் வலி எழுந்தால் தருவதற்கான கூடுதல் அளவையும் எழுத முடியுமா?” என்று கேளுங்கள். கூடுதல் அளவு முன்கூட்டியே எழுதப்படாவிட்டால், இரவு 2 மணிக்கு அதைத் தரச் செவிலியருக்கு அதிகாரம் இருக்காது. மருத்துவரைத் தேடுவதிலேயே விடிந்துவிடும்.

மூன்றாவது, மார்ஃபின் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்கப்பட்டதா என்று பாருங்கள். இந்த மருந்து ஏறக்குறைய எல்லோருக்கும் மலச்சிக்கலைத் தரும், அது நாளடைவில் பழகுவதும் இல்லை. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாள்களில் குறையும். 12 மணி நேரத்துக்கான மெதுவாகக் கரையும் மாத்திரையை ஒருபோதும் பொடித்துத் தராதீர்கள். அரை நாளுக்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். எழுப்பினாலும் எழாத அளவுக்கு உறக்கம், மூச்சு மிகவும் குறைவது, கைகால் வெட்டி இழுப்பது ஆகியவை தெரிந்தால் உடனே சொல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களிடம் மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கும்.

மார்ஃபின் என்றாலே முடிவு நெருங்கிவிட்டது என்று அஞ்சிக் குடும்பத்தாரே மறுப்பதைப் பார்க்கிறேன். அளவறிந்து தொடங்கி, கவனித்துக்கொண்டே உயர்த்தினால் அது உயிரைக் குறைப்பதில்லை. வலியைத்தான் குறைக்கிறது.

6. நோய்த்தணிப்பு மருத்துவரை இப்போதே கேளுங்கள்

பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சையை “இனி ஒன்றும் செய்வதற்கில்லை” என்ற அறிவிப்பாகவே பலர் எண்ணுகிறார்கள். அது கீமோவோடு சேர்ந்தே நடக்கக்கூடியது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரில், தொடக்கத்திலேயே இச்சிகிச்சையையும் பெற்றவர்கள் மேலான மனநிலையோடு இருந்ததோடு, சற்று அதிக காலமும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேர் கடந்து வாழ்ந்த காலம், 11.6 மாதங்கள்; மற்றவர்களுக்கு 8.9 மாதங்கள். வலியை அடக்குவதையே தொழிலாகக் கற்றவர்கள் இவர்கள். மருத்துவமனையில் இப்பிரிவு இல்லையென்றால், வேறெங்கே இருக்கிறது என்று கேட்டுப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். என் மனைவிக்கு இதை 9-ஆவது வாரத்தில்தான் கேட்டேன். முதல் வாரத்திலேயே கேட்டிருக்க வேண்டும்.

7. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

மற்ற பலவற்றுக்கு ரவுண்ட்ஸ் வரை பொறுக்கலாம்; இவற்றுக்கும், மேலே சொன்ன மார்ஃபின் அறிகுறிகளுக்கும் பொறுக்கக் கூடாது.

கீமோவுக்குப் பிறகு காய்ச்சல். 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலே அவசரம்தான். பெரும்பாலான கீமோ மருந்துகளுக்குப் பிறகு 7 முதல் 14 நாள்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறைகின்றன. எதிர்க்கும் படை இல்லாத உடலில் கிருமி சில மணி நேரத்தில் இரத்தமெங்கும் பரவிவிடும். இரத்த மாதிரி எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். காய்ச்சல் மாத்திரையை நீங்களாகவே கொடுத்து வெப்பத்தை மறைத்துவிடாதீர்கள். மலவாய் வழியாக வெப்பம் பார்ப்பதும் கூடாது.

முதுகுவலியோடு கால் தளர்வு, மரத்துப்போதல், சிறுநீரோ மலமோ அடங்காமல் போதல். கட்டி தண்டுவடத்தை நெருக்குவதாக இருக்கலாம். தாமதித்தால் நடை திரும்பாது.

திடீர்க் குழப்பமும் அளவுகடந்த தாகமும் சேர்ந்து வருதல், முகமும் கழுத்தும் வீங்கி மூச்சு வாங்குதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், கீமோ ஏறும் கையில் எரிச்சல். கடைசியாகச் சொன்னதில் ட்ரிப்ஸை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்; மருந்து இரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் சதையே அழுகக்கூடும்.

8. கேட்கும் முறை, கேளாவிட்டால் மேலே போகும் முறை

செவிலியரிடம் நான்கே வாக்கியத்தில் சொல்லுங்கள்: யார், என்ன ஆகிறது, இதற்கு முன் எப்படி இருந்தது, என்ன வேண்டும். “12-ஆம் கட்டில். காய்ச்சல் 38.4. கீமோ முடிந்து 9-ஆவது நாள், காலையில் 37 இருந்தது. இப்போதே மருத்துவர் பார்க்க வேண்டும்.” முன்னுரையும் கெஞ்சலும் கோபமும் இடையில் வந்தால் அந்த எண் காதில் விழாது.

15 நிமிடத்தில் யாரும் வராவிட்டால் வார்டுப் பொறுப்புச் செவிலியர், பிறகு பணி மருத்துவர், பிறகு சிகிச்சைக்குப் பொறுப்பான மருத்துவர், பிறகு மருத்துவமனைக் கண்காணிப்பாளர் என்று படிப்படியாகப் போங்கள். ஒவ்வொரு படியிலும் பெயரையும் நேரத்தையும் அவர்கள் முன்னிலையிலேயே எழுதுங்கள். மறுத்தால், “பார்க்கத் தேவையில்லை என்று நீங்கள் முடிவு செய்ததைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். இந்த ஒரு வாக்கியத்துக்கு, குரலை உயர்த்துவதைவிடப் பலன் அதிகம். எழுதிக் கையெழுத்திடுமுன் எவரும் ஒருமுறை நோயாளியைப் போய்ப் பார்ப்பார்.

நான் அன்று குரலைத்தான் உயர்த்தினேன். அந்த 38.4 என் மனைவியுடையது. ஆன்டிபயாட்டிக் ஏறும்போது 5 மணி நேரம் கடந்திருந்தது.

நல்ல செவிலியர்கள் அந்த வார்டிலும் இருந்தார்கள், எண்ணிக்கைதான் போதாது. அவர்களுடைய பெயர்களையும் எழுதி, முகத்துக்கு நேராக நன்றி சொல்லுங்கள். அது நியாயம்.

9. உங்கள் கைகளால் செய்ய வேண்டியவை

2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடி, காதோரம் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காமல் இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று பொருள். கருநிறத் தோலில் சிவப்புத் தெரியாது, சூடும் கடினமும்தான் தெரியும். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள். இழுத்து நகர்த்தாமல் விரிப்போடு சேர்த்துத் தூக்கி நகர்த்துங்கள்.

அழைப்பு மணி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா, தண்ணீர்க் குவளை எந்தப் பக்கம் இருக்கிறது என்று வெளியே போகும்முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

10. கடைசி நாள்கள்

உணவும் தண்ணீரும் வேண்டாமல் போவது, நீண்ட உறக்கம், கைகால் குளிர்ந்து தோலில் திட்டுத்திட்டாக நிறம் மாறுவது, மூச்சு இடைவெளி விட்டு விட்டு வருவது, தொண்டையில் கரகரப்பு: இவை உடல் ஓய்வதன் அடையாளங்கள். பட்டினியால் இறக்கிறார் என்று எண்ணி வலிந்து ஊட்டாதீர்கள். விழுங்க முடியாதவருக்கு அது மூச்சுக்குழாயில் இறங்கும். ஈரப் பஞ்சால் உதட்டையும் நாவையும் நனைத்துக்கொண்டிருந்தால் போதும். கரகரப்பு நமக்குத்தான் கொடுமையாகக் கேட்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இருப்பவரை அது பெரும்பாலும் வருத்துவதில்லை. பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்தால் குறையும்.

வலி மருந்தை மட்டும் நிறுத்த விடாதீர்கள். விழுங்க முடியவில்லை என்பதற்காக அட்டவணையிலிருந்து அது நழுவிப்போவது அடிக்கடி நடக்கிறது. ஊசியாகவோ விழுங்கத் தேவையில்லாத வேறு வழியிலோ மாற்றச் சொல்லுங்கள்.

இந்தக் கட்டம் வந்ததும் சண்டைகளை நிறுத்திவிடுங்கள். புகார் பின்னால் எழுதலாம். காது கேட்டுக்கொண்டிருக்கக்கூடும், ஆகவே பேசுங்கள். கட்டிலருகே மற்றவர்களோடு கணக்குப் பேசாதீர்கள்.

11. இறந்த அன்றும் அதையடுத்த நாள்களும்

இறப்புக் காரணத்தை எழுதும் படிவத்தை வாங்கியதும் அங்கேயே படியுங்கள். “இதயம் நின்றது” என்பது இறக்கும் விதம், காரணம் அன்று. நேரடிக் காரணம், அதற்கு வழிவகுத்தது, அடிப்படையான புற்றுநோய் ஆகியவை வரிசையாக இருக்க வேண்டும். பெயரின் எழுத்து, வயது, நேரம் ஆகியவற்றையும் சரிபாருங்கள். பின்னாளில் திருத்துவது நீண்ட அலைச்சல்.

கேஸ் ஷீட், மருந்து அட்டவணை, செவிலியர் குறிப்புகள், ஆய்வக முடிவுகள் அனைத்தின் பிரதிகளையும் எழுத்து மூலம் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சுருக்கத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வருவதுதான் வழக்கமான தவறு. அதில் நேரங்கள் இருக்காது.

12. புகார் எழுதுவது

முதல் இரண்டு வாரங்களில் எழுதாதீர்கள், ஓராண்டு தள்ளியும் போடாதீர்கள்; புகாருக்குப் பல இடங்களில் காலவரம்பு உண்டு. இரண்டு பக்கத்துக்குள், தேதி வரிசையில், மூன்று நான்கு நிகழ்ச்சிகளை மட்டும் எழுதுங்கள். என்ன நடந்தது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன பதில் வேண்டும் என்ற மூன்றும் ஒவ்வொன்றுக்கும் வேண்டும். எல்லாக் குறைகளையும் கொட்டினால், மிகச் சிறியதற்குப் பதில் எழுதிவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவார்கள். மருத்துவமனைக்கு முதலில், பதில் போதாவிட்டால் மருத்துவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு, தேவையானால் வழக்கறிஞரிடம்.

என் புகாருக்கு வந்த பதிலில், 9:40-க்கு வந்த மருந்தைப் பற்றியும் 5 மணி நேரத்தைப் பற்றியும் மறுப்பு இல்லை. தவறு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டிருந்தார்கள். நான் நேரம் குறிக்காமல் விட்ட இன்னோர் இரவைப் பற்றி, “பதிவேதும் இல்லை” என்று ஒரு வரி மட்டும் இருந்தது. அந்த 5 மணி நேரம்தான் அவளைக் கொண்டுபோனதா என்பதற்கு எந்தத் தாளிலும் பதில் இல்லை. புகார் எழுதுபவர்கள் அந்தப் பதிலை எதிர்பார்த்து எழுத வேண்டாம். அடுத்து அந்தக் கட்டிலில் படுப்பவருக்காக எழுதுங்கள்.

6 மாதம், ஓராண்டு கடந்தும் துக்கம் சற்றும் தளராமல் அன்றாட வாழ்வையே முடக்கினால், அதற்கென மருத்துவ உதவி இருக்கிறது, நாடுங்கள்.

புகாரோடு குறிப்பேட்டின் பிரதியைத்தான் இணைக்க வேண்டும். மூலம் உங்களிடமே இருக்கட்டும். துணைவருடைய விருப்பம் மீறப்பட்டது என்பதே புகாராக இருந்தாலொழிய, பிரதி எடுக்கும்போது முதல் பக்கத்தை விட்டுவிடுங்கள். அது மருத்துவமனைக்காக எழுதப்பட்டதன்று, உங்களிடம் சொன்னது.